மூன்று சகோதரிகளின் வயல்

வட அமெரிக்காவின் வடகிழக்கே, ஏரிகளும் மேப்பிள் வனங்களும் நிறைந்து இன்று நியூயார்க் மாநிலம் என்று வழங்கும் பூமியில், ஐரோப்பியர் கால் வைப்பதற்கு முன்னும், வைத்த பின் நெடுங்காலமும் நடைபெற்று வந்த விவசாயத்தில் ஏர் இல்லை, எருது இல்லை, உழவுசால் இல்லை. ஓரடி உயரத்துக்குக் குவித்த மண்மேடுகள், ஒன்றுக்கொன்று மூன்றடி நாலடி இடைவிட்டு, கண்ணுக்கெட்டிய தூரம் வரை நிரை நிரையாகக் கிடக்கும்; ஒவ்வொரு மேட்டின் உச்சியிலும் மக்காச்சோளம் நாலைந்து தாள்களாக நிமிர்ந்து நிற்க, அத்தாள்களைப் பற்றிக்கொண்டு பீன்ஸ் கொடி மேலேற, சரிவிலிருந்து இறங்கிய பரங்கிக் கொடி இடைவெளி முழுவதையும் தன் அகன்ற இலைகளால் மூடிப் படர்ந்திருக்கும். அந்நிலத்துக்கு உரியவர்களான ஹோடினோஷோனி மக்கள், அதாவது பிரெஞ்சுக்காரர் இரோக்குவா என்று எழுதிவைத்துச் சென்ற மோஹாக், ஒனைடா, ஒனண்டாகா, கயூகா, செனெகா என்னும் ஐந்து இனத்தாரும், 1722ஆம் ஆண்டு வாக்கில் தெற்கேயிருந்து வந்து ஆறாவதாகச் சேர்ந்த டஸ்கரோரா இனத்தாரும், இம்மூன்று பயிர்களையும் மூன்று சகோதரிகளாகவே பாவித்து வந்தனர்.

1851இல் இவர்களைப் பற்றி விரிவான நூலொன்றை வெளியிட்ட லூயிஸ் ஹென்றி மார்கன், இப்பயிர்களுக்குரிய மூன்று தேவதைகளும் அழகிய பெண்ணுருக் கொண்டவர்கள், ஒருவர்மீது ஒருவர் மிகுந்த பிரியமுடையவர்கள், சேர்ந்து வாழ்வதையே விரும்புகிறவர்கள் என்று அம்மக்கள் நம்பியதாகக் குறித்திருக்கிறார். மூவருக்கும் பொதுவாக அவர்கள் வைத்த பெயருக்கு, நம்மைத் தாங்குகிறவர்கள் என்று பொருள். சிருஷ்டிக் கதையிலும் இவர்களுக்கு இடம் உண்டு: வானுலகிலிருந்து விழுந்து ஆமையின் முதுகில் இறங்கிய ஸ்திரீயின் மகள், இரட்டைக் குழந்தைகளைப் பெற்று மாண்டபின், அவளை அடக்கம் செய்த மண்ணிலிருந்து இப்பயிர்கள் முளைத்தன என்பது அவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வரும் வரலாறு. காலங்காலமாக நடக்கும் அவர்களுடைய நன்றியுரைச் சடங்கில், நீருக்கும் மீனுக்கும் மரத்துக்கும் நன்றி சொல்லும் வரிசையில், இந்தச் சகோதரிகளுக்கும் தனியே நன்றி சொல்லப்படுகிறது.

ஆயினும் சகோதரிகள் மூவரும் ஒரே நாளில் பிறந்தவர்கள் அல்லர். மண்ணைத் தோண்டி ஆராய்கிறவர்கள் நமக்குச் சொல்லும் சரித்திரம், புராணத்தை விடவும் நீண்ட பொறுமையைக் கோருவது. மூவரில் மூத்தவள் பரங்கியே. மெக்ஸிகோவின் ஒஹாகா பள்ளத்தாக்கில் கிலா நகீட்ஸ் என்னும் குகையில் கிடைத்த விதைகள், அக்குடும்பத்துக் கொடியைச் சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன்பே மனிதர் பயிரிட்டனர் என்பதற்குச் சான்றாகின்றன. கிழக்கு வட அமெரிக்காவிலோ, அங்கிருந்த காட்டுக்கொடி ஒன்றை அவ்விடத்து மக்கள் ஏறத்தாழ 5,000 ஆண்டுகளுக்கு முன் தாமே தனியாகப் பழக்கினர். மக்காச்சோளத்தின் பூர்வம் தெற்கு மெக்ஸிகோவின் பால்சாஸ் நதிப் பிரதேசத்தில் இருக்கிறது. தியோசின்டே என்னும் காட்டுப்புல், விரல் நீளம்கூட இல்லாத கதிரும், அதில் கல்போன்ற ஓட்டுக்குள் அடைபட்ட சில மணிகளுமே உடையது. அதை எடுத்து, நல்லதைத் தேர்ந்து, விதைத்து, மீண்டும் தேர்ந்து, சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய அந்த வேலையை இடைவிடாமல் செய்து வந்த கைகள் யாருடையவை என்று எந்தக் கல்வெட்டும் சொல்லவில்லை. மனிதன் உதவியின்றித் தன் மணியைத் தானே உதிர்த்து முளைக்க இயலாத பயிராக அது மாறிப்போனது என்ற ஒன்றே, அந்த உறவின் ஆழத்தைக் காட்டப் போதுமானது.

அம்மணி வடக்கு நோக்கிப் பிரயாணம் செய்ய எடுத்துக்கொண்ட காலம் இன்னொரு பெரிய கதை. மெக்ஸிகோவின் வெயிலில், குறுகிய பகலில் பூத்துப் பழகிய பயிர், நீண்ட கோடைப் பகலும் விரைந்து வரும் உறைபனியும் உள்ள பிரதேசத்தில் முற்றுவதற்குக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. நியூயார்க் பகுதியில் பழைய சமையற் பானைகளின் அடியில் ஒட்டிக்கிடந்த கருகலை ஆராய்ந்தவர்கள், கி.மு. 300 அளவிலேயே அங்கு மக்காச்சோளம் சமைக்கப்பட்டதற்கான நுண்ணிய தடயங்களைக் கண்டனர். பீன்ஸ்தான் கடைக்குட்டி. கரியாகிக் கிடைத்த பீன்ஸ் விதைகளையே நேரடியாகக் காலம் கணித்துப் பார்த்தபோது, அது வடகிழக்கில் பரவியது ஏறத்தாழ கி.பி. 1300இல்தான் என்று தெரியவந்தது. ஆகவே மூன்று சகோதரிகளின் குடித்தனம் அப்பிரதேசத்தில் கூடியது, நம் நாட்டில் பிற்காலப் பாண்டியர் ஆட்சி நிலை குலைந்துகொண்டிருந்த அதே காலத்தில் என்று கொள்ளலாம். அநாதியானது என்று நாம் எண்ணும் ஏற்பாடு, கிடைத்த ஒவ்வொன்றையும் சோதித்துப் பார்த்து, வைத்துக்கொள்ளத் தக்கதை வைத்துக்கொண்ட விவசாயிகளின் புத்தியில் விளைந்ததே என்பதை அறியும்போது, எனக்கு அதன்மீதுள்ள மதிப்பு குறையவில்லை, பெருகவே செய்கிறது.

இந்த விஷயத்தில் அயல் இனத்தாரான நாரகான்ஸெட் மக்களின் ஐதிகம் ஒன்று மனத்தை மிகவும் கவர்வது. ரோட் தீவுப் பகுதியில் அவர்களோடு பழகி, அவர்கள் பாஷையைக் கற்று, 1643இல் நூல் எழுதிய ரோஜர் வில்லியம்ஸ் அதைப் பதிவு செய்திருக்கிறார். தென்மேற்குத் திசையில் வாசம் செய்யும் பெருந்தெய்வத்தின் வயலிலிருந்து, ஒரு காதில் மக்காச்சோள மணியையும் மற்றொரு காதில் பீன்ஸ் விதையையும் வைத்துக்கொண்டு முதன்முதல் வந்தது காகமாம். அதனால், பயிருக்கு எவ்வளவு சேதம் விளைவித்தாலும், நூற்றுக்கு ஒருவர்கூடக் காகத்தைக் கொல்லமாட்டார்கள் என்கிறார் அவர். அதற்குப் பதிலாக, வயல் நடுவே சிறு காவற்குடில்கள் கட்டி, குழந்தைகளை அதிகாலையிலேயே அங்கு அனுப்பிப் பறவைகளை ஓட்டச் செய்வர். பரண்மீதிருந்து புனம் காத்த பெண்களைப் பழம்பாட்டுகளில் அறிந்த நமக்கு இக்காட்சி புதிதல்ல. தெய்வத்தின் வயல் தென்மேற்கே இருந்தது என்ற அந்த நினைவு, மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின்னர் ஆராய்ச்சியாளர் விதைகளின் வழியைத் தேடிக் கண்ட திசையோடு ஒத்திருப்பது ஆச்சரியமே.

ஐரோப்பியர் கண்ட காட்சிகளில் நான் முதன்மையாகக் கருதுவது பிரெஞ்சு மாலுமி சாம்ப்ளேன் 1605ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் மெய்ன் கரையோரம் ஸாக்கோ நதியின் முகத்துவாரத்தில் கண்டு எழுதியது. அது ஹோடினோஷோனி நாடு அன்று. ஆனால் முறை ஒன்றே. ஓரிடத்தில் மூன்று நான்கு மணிகளை இட்டு, கடல் நண்டுபோன்ற பிராணி ஒன்றின் ஓட்டையே கருவியாகக் கொண்டு அதைச் சுற்றி மண்ணைக் குவித்து, பிறகு மூன்றடி தள்ளி அவ்வாறே செய்து, ஒவ்வொரு மேட்டிலும் பல வர்ணமுள்ள பீன்ஸ் விதைகள் மூன்று நான்கையும் சேர்த்து நடுகிறார்கள் என்றும், வளர்ந்ததும் பீன்ஸ் ஐந்தாறடி உயர்ந்த மக்காச்சோளத்தைப் பின்னிக்கொள்கிறது என்றும், நிலத்தில் களையே இல்லாமல் சுத்தமாக வைத்திருக்கிறார்கள் என்றும், பரங்கி வகைகளும் புகையிலையும் அங்கே கண்டதாகவும் அவர் எழுதுகிறார். நாலு நூற்றாண்டுகள் கடந்த இன்றும் வீட்டுத் தோட்டத்தில் இம்முறையைக் கையாள விரும்புகிறவருக்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டியதில்லை.

ஹோடினோஷோனி வயலில் வேலை முழுவதும் பெண்களுடையது. காட்டைத் திருத்துவதும், மரத்தின் பட்டையை வளையமாக உரித்து அதைப் பட்டுப்போகச் செய்வதும் ஆடவர் பொறுப்பு. விதை எடுப்பதிலிருந்து களஞ்சியம் நிரப்புவது வரை மற்ற யாவும் மகளிர் செயல். ஓக் மரத்தின் இளந்தளிர் செவ்வணிலின் பாத அளவுக்கு விரிந்தால் மண் சூடேறிவிட்டது, இனி உறைபனிக்கு அஞ்ச வேண்டியதில்லை என்பது அவர்கள் கணக்கு. விதை மணிகளை மூலிகைக் கஷாயத்தில் ஊறவைப்பர்; அதைத் தோண்டித் தின்ற காகம் தலைசுற்றிச் சிறகடித்து விழுவதைப் பார்த்து மற்றவை அஞ்சி விலகும். ஒரே மேட்டில் ஆண்டுதோறும் நடுவதால், மண் இறுகாமலும் அடித்துச் செல்லப்படாமலும் இருந்தது. அனைவரும் ஒருவர் வயலில் முடித்து அடுத்தவர் வயலுக்குச் செல்லும் கூட்டுழைப்பு வழக்கில் இருந்தது. சிறு பெண்ணாயிருந்தபோது சிறைபிடிக்கப்பட்டு, செனெகா குடும்பத்தில் மகளாகத் தத்தெடுக்கப்பட்டு, வாழ்நாள் முழுதும் அவர்களோடேயே வாழ்ந்த மேரி ஜெமிஸன் தம் முதுமையில் கூறி 1824இல் அச்சான சரிதத்தில், குழந்தைகளை உடன்கொண்டு, ஆத்திரமூட்டும் மேற்பார்வையாளர் எவருமின்றி, இஷ்டப்படி நிதானமாகச் செய்த அந்த வேலை வெள்ளைக்காரப் பெண்களின் வேலையைவிடக் கடினமானதல்ல என்று தெரிவித்திருக்கிறார். ஐரோப்பியப் பிரயாணிகள் பலர் ஆடவர் சும்மா இருக்கப் பெண்கள் அடிமைபோல் உழைத்தனர் என்று எழுதியதற்கு, அந்த வயலிலேயே நின்றவர் அளித்த மறுமொழி அது.

அறுவடையான கதிர்களின் தோகையைப் பின்னி நீண்ட சடைகளாக்கி, நீள்வீடு என்னும் தம் குடியிருப்பின் உத்தரங்களில் வரிசையாகத் தொங்கவிடுவர். உலர்ந்த மணியை மரப்பட்டைப் பேழைகளிலும், பட்டை பரப்பிய நிலக்குழிகளிலும் சேமிப்பர். பரங்கியை வளையங்களாக அறுத்து உலர்த்துவர். சமைக்கும்போது கட்டைச் சாம்பலைக் கரைத்த நீரில் மணியைக் கொதிக்கவைத்து, மேல்தோல் கழன்றதும் கூடையில் இட்டு நன்றாக அலசி, பிறகு உரலில் இடித்து மாவாக்கி, பீன்ஸைக் கலந்து உருண்டை தட்டி வேகவைத்த ரொட்டியே அவர்களுடைய நித்திய ஆகாரம்.

அச்சாம்பல் நீரைப் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும். மக்காச்சோளத்தில் உள்ள நியாசின் என்னும் ஜீவசத்து, காரநீரில் வெந்தாலன்றி உடலில் எளிதில் சேர்வதில்லை. அமெரிக்கக் கண்டத்தின் பூர்வகுடிகள் இதைச் செய்தனர். மெக்ஸிகோவில் சுண்ணாம்பு, வடகிழக்கில் சாம்பல். மணியை மட்டும் கப்பலேற்றிக் கொண்டுபோன ஐரோப்பியர், பக்குவத்தை விட்டுச் சென்றனர். விளைவாக, ஸ்பெயினின் அஸ்தூரியாஸ் பகுதியில் ஏழைகளின் தோலைப் புண்ணாக்கிச் சித்தத்தைக் கலக்கிக் கொன்ற வியாதியை 1735இல் மருத்துவர் காஸ்பர் காஸல் விவரித்தார். பிற்பாடு வட இத்தாலியிலும், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென் மாநிலங்களிலும் பெலாக்ரா என்ற பெயரோடு அது பல்லாயிரம் பேரை வாட்டியது. காரணம் இன்ன சத்தின் குறையே என்று ரசாயன ரீதியாக 1937இல்தான் தெளிவாயிற்று. விதையை எடுத்தவர்கள் விதையோடு இருந்த ஞானத்தையும் கேட்டுப் பெற்றிருந்தால், அத்தனை குடும்பங்கள் துன்புற்றிருக்க வேண்டியதில்லை.

மூன்றையும் சேர்த்து நடுவதன் பலனைப் பற்றி இன்று பேசுவோர், பீன்ஸ் காற்றிலுள்ள நைட்ரஜனை வேர்முடிச்சில் பிடித்து உடனுக்குடன் மக்காச்சோளத்துக்கு ஊட்டுகிறது என்று சொல்வதுண்டு. அது முழு உண்மை அன்று. பிடித்த நைட்ரஜனில் பெரும்பகுதியைப் பீன்ஸே உபயோகித்துக்கொள்கிறது. அதன் வேரும் சருகும் மட்கியபின், பின்வரும் பருவங்களுக்கே மிச்சம் சேர்கிறது. மண்மேட்டைக் குலைக்காமல் அங்கேயே நட்டு வந்த பழக்கத்தில் அந்த மிச்சம் வீணாகவில்லை. மூன்றின் வேர்களும் மண்ணில் வெவ்வேறு இடத்தைத் தேடிச் செல்வது ஒரு நன்மை; பரங்கி இலை வெயிலை மறைத்துக் களையை அடக்கி ஈரத்தைக் காப்பது மற்றொன்று. உணவிலோ சேர்க்கையின் பயன் ஐயத்துக்கு இடமற்றது: மக்காச்சோளப் புரதத்தில் குறைந்துள்ள லைஸினைப் பீன்ஸ் நிறைவாகத் தருகிறது, பரங்கி விதை கொழுப்பையும் அதன் சதை வைட்டமின் ஏ சத்தையும் தருகிறது.

ஏர் இல்லாத விவசாயம் என்பதாலேயே இதைத் தோட்டக்கொத்து வேலை என்று அலட்சியமாகக் குறிப்பிட்ட சரித்திர ஆசிரியர் பலர் உண்டு. டஸ்கரோரா வம்சத்தவரும், கார்னெல் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் விவசாய ஆராய்ச்சி செய்தவருமான ஜேன் மவுண்ட் பிளெசன்ட், பழைய ஆவணங்களையும் தாமே நட்டுப் பார்த்த வயல்களையும் கொண்டு அந்த அபிப்பிராயத்தைத் தகர்த்தார். 17, 18ஆம் நூற்றாண்டுகளில் ஏக்கர் ஒன்றுக்கு ஐரோப்பியக் கோதுமை விவசாயி எடுத்த தானியத்தைப்போல் மூன்று முதல் ஐந்து மடங்கு ஹோடினோஷோனி பெண்கள் எடுத்தனர் என்பது அவர் கணிப்பு. ஏர்க்கொழு மண்ணைப் புரட்டிப் புரட்டி அதிலுள்ள மட்கைக் கரைத்துவிடுகிறது. மண்வெட்டியோ அதைக் காத்தது. எருது இல்லாத குறை என்று கருதப்பட்டதே நிலத்தின் சாரத்தைப் பாதுகாத்தது என்றால், நாகரிகத்தின் அளவுகோலாக ஏரை வைத்தவர்கள் எதை அளந்தார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

களஞ்சியம் யாருடையதோ, சொல்லும் அவர்களுடையதே. ஹோடினோஷோனி இனங்களில் வம்சம் தாய்வழி. நிலமும் விளைச்சலும் பெண்கள் வசம். இனத்தலைவரை நியமிப்பதும் தவறு கண்டால் நீக்குவதும் குலத்தாய்மார் உரிமை. மோஹாக் மக்களிடையே வசித்து 1724இல் நூல் வெளியிட்ட பாதிரியார் லாஃபித்தோ, நாட்டின் உண்மையான அதிகாரம் பெண்களிடமே இருப்பதைக் கண்டு வியந்து எழுதினார். தூரதேசத்துக்குப் படையெடுக்கும் ஆடவன் மடியில் வறுத்து இடித்த மக்காச்சோள மாவு இல்லாவிட்டால் புறப்பட முடியாது. அதைக் கொடுக்க மறுப்பதே யுத்தத்தைத் தடுக்கும் உபாயமாகவும் இருந்தது.

இதை நன்கறிந்தே எதிரிகள் வயலைத் தாக்கினர். 1687ஆம் ஆண்டு ஜூலையில் பிரெஞ்சுக் கவர்னர் டெனான்வில் செனெகா நாட்டினுள் படை நடத்திச் சென்று, கனாண்டகன் என்னும் பெரிய ஊருக்குள் புகுந்து, விளைந்து நின்ற பயிரையும் சேமித்திருந்த தானியத்தையும் நாள்கணக்கில் நாசம் செய்தார். அதையும் மிஞ்சியது 1779. அமெரிக்கச் சுதந்திர யுத்தத்தில் ஒனைடாக்களும் டஸ்கரோராக்களும் பெரும்பாலும் அமெரிக்கர் பக்கம் நிற்க, மற்றவர்களில் பலர் ஆங்கிலேயர் பக்கம் சேர்ந்திருந்தனர். ஜார்ஜ் வாஷிங்டன், தளபதி ஜான் ஸல்லிவனுக்கு மே மாதத்தில் விடுத்த உத்தரவில், அவர்களுடைய குடியிருப்புகளை முற்றிலும் அழிக்க வேண்டும் என்பதோடு, நிலத்தில் நிற்கும் பயிரைப் பாழாக்கி மேலும் நடவொட்டாமல் செய்வது அவசியம் என்றும் பணித்தார். நாலாயிரத்துக்கு மேற்பட்ட சேனை ஏரிகளினிடையே ஊர் ஊராகச் சென்றது. சண்டையில் மடிந்தவர் அதிகமில்லை; பயிர்தான் மடிந்தது. போர்வீரர்கள் எழுதிவைத்த தினக்குறிப்புகளில், தங்கள் ஊரில் காணாத நீளமான கதிர்களையும் பீன்ஸையும் பரங்கியையும் கண்ட வியப்பு ஒரு வரியிலும், அவற்றை வெட்டிச் சாய்த்த செய்தி அடுத்த வரியிலும் இருக்கும். ஜெனஸி நதிக்கரையிலிருந்த 128 வீடுகள் கொண்ட ஊரில், கதிர்களை ஒடித்து வீடுகளுக்குள் குவித்து வீட்டோடு கொளுத்தினர். நாற்பது ஊர்கள், 1,60,000 புஷல் மக்காச்சோளம் என்று ஸல்லிவன் காங்கிரஸுக்குக் கணக்குக் கொடுத்தார். அந்தக் குளிர்காலத்தில் கடும்பனி பெய்தது. ஆங்கிலேயர் வசமிருந்த நயாகரா கோட்டையைச் சுற்றி ஆயிரக்கணக்கான அகதிகள் கூடினர்; பசியாலும் குளிராலும் அவர்களில் பலர் மாண்டனர். ஊர்களை அழிப்பவர் என்று பொருள்படும் ஒரு பெயராலேயே வாஷிங்டனை அம்மக்கள் அழைத்தனர். 1790இல் செனெகா தலைவர்கள் அவருக்கு நேரிலேயே அதைச் சொன்னார்கள்.

மேரி ஜெமிஸன் தம் குழந்தைகளோடு திரும்பி வந்து பார்த்தபோது, ஒரு குழந்தையின் பசிக்குக்கூட எதுவும் மிஞ்சியிருக்கவில்லை. கார்டோ என்ற நதிச் சமவெளியில், அடிமைத்தளையிலிருந்து தப்பிவந்த கறுப்பர் இருவர் நட்டிருந்த மக்காச்சோளம் மட்டும் படையின் கண்ணில் படாமல் தப்பியிருந்தது. அதற்குத் தோகை உரித்துச் சடை பின்னிக் கொடுத்து, பத்துச் சடைக்கு ஒன்று கூலியாக நூறு சடை, உதிர்த்தால் 25 புஷல், சம்பாதித்துக் குழந்தைகளைக் காப்பாற்றினார். இந்தச் சரித்திரத்தில் சேனாதிபதிகளைவிட இம்மூவரையே நான் அதிகம் நினைக்கிறேன்.

யுத்தத்துக்குப் பின் நிலம் ஒப்பந்தம் ஒப்பந்தமாகப் போயிற்று. 1797இல் செனெகாக்கள் நியூயார்க்கில் தங்கள் நிலத்தின் பெரும்பகுதியை இழந்து சிறு சிறு ஒதுக்கிடங்களில் அடங்கினர். மறுவருஷம் அலகனி நதிக்கரைக்கு வந்த குவேக்கர் சமயத்தார், நல்லெண்ணத்தோடுதான் எனினும், ஆடவர் ஏர் பிடிக்கவும் பெண்கள் நூற்கவும் நெய்யவும் வேண்டும் என்று போதித்தனர். வயல் மகளிர் கையிலிருந்து நழுவத் தொடங்கியது அப்போதே. ஆனால் 1799இல் தெய்வதரிசனம் கண்டு உபதேசிக்கத் தொடங்கிய செனெகா ஞானி ஹாண்ட்ஸம் லேக், பழைய சடங்குகளை, அவற்றுள் நம்மைத் தாங்குகிறவர்களுக்கான நன்றியை, கைவிடலாகாது என்று வற்புறுத்தினார். வயல் சுருங்கி வீட்டுக் கொல்லையாயிற்று. கொல்லையில் விதை பிழைத்தது. கட்டாரகஸ் ஒதுக்கிடத்தில் பிறந்த, தாமே செனெகா வம்சத்தவரான ஆர்தர் பார்க்கர், 1910இல் மக்காச்சோளத்தையும் மற்ற உணவுப் பயிர்களையும் பற்றி எழுதிய நூலுக்கு, அந்தக் கொல்லைகளின் கிழவிகளே குருமார்.

1997இல் செனெகா அறிஞர் ஜான் மோஹாக், மறைந்துகொண்டிருந்த வெள்ளை மக்காச்சோளத்தை மீட்டு, பழைய முறையில் பதப்படுத்தி விற்கும் திட்டத்தைத் தொடங்கினார். அவர் காலமான பின் அது கனாண்டகனில், டெனான்வில் பயிரை நாசம் செய்த அதே மேட்டில், மீண்டும் நடைபெறலாயிற்று. 2009ஆம் ஆண்டு அமெரிக்க அரசு வெளியிட்ட ஒரு டாலர் நாணயத்தில், மூன்று பயிருக்குமிடையே குனிந்து விதையிடும் பூர்வகுடிப் பெண்ணின் உருவம் பொறிக்கப்பட்டது. வாஷிங்டன் அழிக்கச் சொன்ன பயிர் அவர் ஸ்தாபித்த குடியரசின் நாணயத்தில் ஏறியது.

இப்போது பல நாட்டவரும் தம் வீட்டுத் தோட்டத்தில் இம்மூன்றையும் சேர்த்து நட ஆசைப்படுகின்றனர். பலர் ஏமாற்றமும் அடைகின்றனர். காரணம் பெரும்பாலும் விதையில் இருக்கிறது. பச்சையாக ஒடித்து அவித்துத் தின்னும் இன்றைய இனிப்புச் சோளம் குட்டையானது, தாள் மெலிந்தது. வீரியமுள்ள கொடி பீன்ஸ் அதன்மேல் ஏறினால் பாரம் தாங்காமல் சாய்ந்துவிடும். அன்றாடம் காய் பறிக்க நுழைவதற்கோ பரங்கிக் கொடி வழி விடாது. பழைய மகளிர் நட்டது நின்றபடியே உலர்ந்து முற்றும் தடித்த தாளுடைய மாவுச் சோளம், நெற்றாக உலரும் பீன்ஸ், தோல் கெட்டியாகிக் குளிர்காலம் முழுதும் இருக்கும் பரங்கி. மூன்றையும் பருவம் முடிந்தபின் ஒரே தடவையில் சேகரிப்பர். மேட்டுக்கு நாலைந்து மணியிட்டு, நாற்று ஒரு சாண் உயர்ந்த பிறகு பீன்ஸையும், அது முளைத்து ஒரு வாரம் கழித்துப் பரங்கியையும் நட வேண்டும். முந்தினால் பீன்ஸ் நாற்றை இழுத்து அமுக்கிவிடும். மகரந்தம் காற்றில் பரவும் பயிராதலால் மேடுகளை ஒற்றை வரிசையாக அமைக்காமல், நாற்புறமும் மூன்று நான்கு மேடுகள் இருக்குமாறு சதுரமாக அமைப்பது நலம். இல்லையேல் கதிரில் பாதி மணி பிடிக்காமல் பொக்காகிவிடும்.